செசிலியா பெய்ன் அந்த ஒரு வாக்கியத்தை ஏன் எழுதினார்? என்னையும் அப்படி எழுதச் சொல்கிறார்கள்

சித்திரை மீன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன.

எங்கள் துறையில் எல்லோரும் படிக வளர்ப்போ மென்படலமோதான் எடுப்பார்கள். நான் மட்டும் விண்மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். தொலைநோக்கி கிடையாது. பொதுக் காப்பகம் ஒன்றில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் நிறமாலை ஒன்றை (விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு, ஒவ்வொரு தனிமமும் அதில் தன் கோடுகளை விட்டிருக்கும்) இறக்கி, மடிக்கணினியில் கோடு கோடாக அளந்தேன். விண்மீனின் பெயர் ஹெச்டி 140283. துலாம் விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 200 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நான்கு மாதம் அதனுடனேயே இருந்ததால், எங்கள் வீட்டு மாடியிலிருந்து அது எந்தத் திசையில் எழும் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன்.

இரும்பின் அளவைக் கணக்கிட்டபோது, சூரியனில் இருப்பதில் 300-இல் ஒரு பங்குதான் வந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அதே எண்தான்.

என் நெறியாளர் நல்லவர். இந்தத் தலைப்பை எனக்காக ஏற்றுக்கொண்டவரே அவர்தான். ஆனால் அவருடைய துறை வேறு. "300 மடங்கு வித்தியாசம் என்றால் எங்கோ தவறு இருக்கிறது. வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டிப் போடு, எண் சரியாகிவிடும். இல்லையென்றால் அட்டவணைக்குக் கீழே கணக்கீட்டுப் பிழை என்று எழுதிவிடு" என்றார். உலோகம் குறைந்த விண்மீன்கள் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் என் எண் அதனால் வந்ததா, என் தவற்றால் வந்ததா என்று அவரிடம் நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த இரவுதான் செசிலியா பெய்னைப் பற்றிப் படித்தேன். 25 வயதில், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கணக்கிட்டவர், அதே ஆய்வேட்டில் "இது பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது" என்றும் எழுதியிருக்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை. அவரே பணிந்துபோனார் என்றால் நான் எம்மாத்திரம்? அவர் ஏன் அப்படி எழுதினார்? அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி வாசகர்:

சகோதரி, நெறியாளர் சொல்வதை எழுதிவிட்டு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். முனைவர் பட்டத்துக்குப் போகும்போது உங்கள் விருப்பப்படி செய்யலாம். என் தம்பி இதே போல் வாதாடி, உள்மதிப்பீட்டில் இழந்தான்.

காவலூர் இரவுகள்:

திருச்சி வாசகரே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வெப்பநிலையைக் கூட்டிப் போடுவதை மட்டும் செய்ய வேண்டாம், தங்கையே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் பெய்ன். எனக்கு மிகவும் பிடித்தவர் என்பதால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1900-இல் இங்கிலாந்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தை இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளைத் தாய் தனியாக வளர்த்தார். 1919-இல் உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் எடுத்தது தாவரவியல், இயற்பியல், வேதியியல். வானியல் இல்லை. அந்த ஆண்டு இறுதியில், கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவதை அளந்து திரும்பிய வானியலாளர் எடிங்டன் ஓர் உரை நிகழ்த்தினார். பெய்னின் கல்லூரிக்குக் கிடைத்தவை நான்கே டிக்கெட்டுகள். தோழி ஒருத்தி போக முடியாமல் போனதால் அவருடையது பெய்னுக்கு வந்தது. கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, உரை முழுவதையும் ஏறக்குறைய ஒரு சொல் விடாமல் எழுதி வைத்தார். மூன்று இரவுகள் தூங்கவில்லை. உங்களுக்கு ஓர் இரவுதான் போயிருக்கிறது.

இயற்பியலாளர் ரதர்ஃபோர்டின் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். விதிப்படி பெண்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும். ரதர்ஃபோர்டு அவரை நேராகப் பார்த்து "பெண்மணிகளே, பெருமக்களே" என்று தொடங்குவார், பையன்கள் காலால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்வார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இது நடந்தது. படித்து முடித்தபோது பட்டமும் இல்லை, ஏனென்றால் கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. அங்கே பெண்ணுக்கு ஆசிரியர் வேலையைத் தவிர வேறு வழி இல்லை என்பதால், 1923-இல் ஒரு சிறு உதவித்தொகையுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்ட் வானாய்வகத்தின் இயக்குநர் ஹார்லோ ஷாப்லி அவரை வரவேற்றார்.

கிளம்பும் முன் கேம்பிரிட்ஜ் வானியற்பியலாளர் எட்வர்ட் மில்ன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: உனக்குக் கிடைத்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தால், அங்கே குவிந்திருக்கும் நிறமாலைகளை எடுத்து சாஹாவின் கோட்பாட்டைச் சோதித்துப் பார்ப்பேன் என்று. கல்கத்தாவில் இருந்த 26 வயது மேக்நாத் சாஹா 1920-இல் எழுதிய சமன்பாடு அது. ஒரு வாயுவின் வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால், அதில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது சொல்லிவிடும். மில்னும் ரால்ஃப் ஃபௌலரும் அதை மேலும் செப்பனிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கல்கத்தாவின் சமன்பாடு. மறுபக்கம் ஹார்வர்ட் வானாய்வகத்தின் ஆனி ஜம்ப் கேனன் தன் கண்ணால் பார்த்துப் பார்த்து வகைப்படுத்திய இரண்டேகால் லட்சம் விண்மீன்கள். இரண்டையும் இணைக்க ஆள் இல்லாமல் கிடந்த இடத்தில் 23 வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் விளங்கிவிடவில்லை. மாதக்கணக்கில், நிறமாலைகள் பதிந்த கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திகைத்துப்போய் இருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வழி திறந்தது சிலிக்கானால். குளிர்ந்தவை முதல் சூடானவை வரையான விண்மீன்களில் அது எலக்ட்ரான் எதையும் இழக்காமல், ஒன்றை இழந்து, இரண்டை இழந்து, மூன்றை இழந்து என்று நான்கு நிலைகளில் தென்படுகிறது. எந்த விண்மீனில் எந்த நிலையின் கோடு ஓங்கியிருக்கிறது என்று பார்த்தால், சாஹா சமன்பாட்டைக் கொண்டு வெப்பநிலையைப் பிடித்துவிடலாம். அப்படித்தான் விண்மீன் வகைகளுக்கு வெப்பநிலை அளவுகோல் கிடைத்தது.

அளவுகோல் கையில் வந்த பிறகுதான் உண்மையான வியப்பு. சூரிய நிறமாலையில் கண்ணைப் பறிப்பவை கால்சியமும் இரும்பும். ஆகவே சூரியனும் பூமியைப் போன்ற கலவைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகளை எந்த அணு உண்டாக்கும்? முதல் கிளர்நிலைக்கு, அதாவது இயல்பு நிலைக்கு அடுத்த ஆற்றல் படிக்கு, ஏற்கனவே ஏறிவிட்ட அணு மட்டும். அதற்கு 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரியப் பரப்பின் ஏறத்தாழ 5,800 கெல்வினில் எத்தனை அணுக்கள் அந்தப் படியில் நிற்கும் என்று போல்ட்ஸ்மன் சூத்திரத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். சுமார் இருபது கோடி அணுக்களுக்கு ஒன்று! அந்த ஒற்றை அணு மட்டும் கோடு போடுகிறது, மற்றவை எல்லாம் சும்மா நிற்கின்றன. அப்படியிருந்தும் ஹைட்ரஜன் கோடு நன்றாகத் தெரிகிறது என்றால், பின்னால் எவ்வளவு ஹைட்ரஜன் நின்றிருக்க வேண்டும்! நான் இதை முதன்முதலில் கையால் கணக்கிட்ட நாளை இன்றும் மறக்கவில்லை.

பெய்ன் 18 தனிமங்களுக்குக் கணக்கிட்டார். மடக்கை அளவில் (எண் ஒன்று கூடினால் அளவு பத்து மடங்கு) இரும்புக்கு 4.8, சிலிக்கானுக்கு 4.8, ஹைட்ரஜனுக்கு 11. அதாவது பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

வரைவை ஷாப்லி, பிரின்ஸ்டனில் இருந்த தன் ஆசிரியர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். அந்தத் துறையில் ரஸ்ஸல் சொன்னதே கடைசி வார்த்தை. 1925 ஜனவரியில் அவர் எழுதிய பதிலில், உலோகங்களைவிட ஹைட்ரஜன் பத்து லட்சம் மடங்கு அதிகம் இருப்பது முடியவே முடியாத காரியம் என்று இருந்தது. அதன் பிறகு எழுதப்பட்டதுதான் உங்களைத் தூங்கவிடாத அந்த வாக்கியம். வயதான பிறகு அவர் யார் மீதும் பழி போடவில்லை. நான் சரி என்று நம்பிய இடத்தில் அதிகாரத்துக்குப் பணிந்தேன், குற்றம் என்னுடையதே என்று எழுதினார்.

ஆனால் தங்கையே, நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவர் வாக்கியத்தைச் சேர்த்தார், எண்ணை மாற்றவில்லை. 11 என்பது அட்டவணையில் அப்படியே இருக்கிறது. எந்தக் கோட்டிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்பதும் இருக்கிறது. படிப்பவர் அந்த வாக்கியத்தை ஏற்க மறுத்து எண்ணை எடுத்துக்கொள்ளலாம். நாலே ஆண்டில் அதுதான் நடந்தது. அவர் வெப்பநிலையைத் திருகி 11-ஐ 6 ஆக்கியிருந்தால் இன்று நாம் யாரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். உங்கள் நெறியாளர் சொன்ன இரண்டு வழிகளும் ஒன்றல்ல. இரண்டாவது வருத்தம் தருவது. முதலாவது செய்யவே கூடாதது.

இப்போது உங்கள் விண்மீன். அதை நீங்கள் தேர்ந்தெடுத்தது என்ன பொருத்தம் பாருங்கள்! 1951-இல் ஜோசப் சேம்பர்லெயினும் லாரன்ஸ் ஆலரும் இரண்டு விண்மீன்களில் உலோகம் சூரியனைவிட மிகக் குறைவு என்று வெளியிட்டார்கள். எல்லா விண்மீன்களும் ஒரே கலவை என்ற நம்பிக்கை அதில்தான் ஆட்டம் கண்டது. அந்த இரண்டில் ஒன்று ஹெச்டி 140283. அவர்கள் எடுத்துக்கொண்ட வெப்பநிலை உண்மையைவிட அதிகம் என்பதால், குறைபாடும் உண்மையைவிடச் சிறிதாகத் தெரிந்தது. உங்களைச் செய்யச் சொல்லும் அதே காரியம்! இன்றைய அளவீடுகள் சூரியனில் 200-இல் ஒரு பங்கிலிருந்து 400-இல் ஒரு பங்குக்குள் வருகின்றன. உங்கள் 300 நடுவில் நிற்கிறது.

ஆனால் "பெரியவர்களும் இதையே சொல்கிறார்கள்" என்று நெறியாளரிடம் போய் நிற்காதீர்கள். உங்கள் நிறமாலையிலேயே சாட்சி இருக்கிறது. 6,563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விழும் சிவப்பு ஹைட்ரஜன் கோட்டை எடுங்கள். அதன் இரண்டு ஓரங்களும் சரிந்து விரியும் அகலம், இப்படிப்பட்ட விண்மீன்களில் பெரும்பாலும் வெப்பநிலையைப் பொறுத்தது. இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பது அதை அதிகம் தொடாது. சூரியனின் அதே கோட்டை மேலே வைத்து ஒப்பிடுங்கள். இந்த விண்மீன் சூரியனுடைய வெப்பநிலையை ஒட்டியதுதான் என்பதால் ஓரங்கள் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். உங்கள் இரும்பு எண்ணைச் சூரியனுக்கு அருகே கொண்டுவரும் அளவுக்கு வெப்பநிலையைக் கூட்டினால், ஹைட்ரஜன் கோடு உங்கள் நிறமாலையில் காணாத அகலத்துக்குப் பருத்துவிடும். அதை ஒரு படமாகவே போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று. நீங்கள் நடுநிலை இரும்பின் (எலக்ட்ரான் எதையும் இழக்காத இரும்பு) கோடுகளை மட்டும் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உலோகம் குறைந்த விண்மீனில் புற ஊதா ஒளி தடையில்லாமல் மேலே வந்து, சாஹா சமன்பாடு சொல்வதைவிடக் கூடுதலாக இரும்பின் எலக்ட்ரானைப் பறித்து அயனியாக்கிவிடும். அதனால் நடுநிலை இரும்பு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அயனி இரும்பின் கோடுகள் சில நீலப் பகுதியில் கிடைக்கும், அவற்றாலும் ஒரு முறை கணக்கிடுங்கள். இரும்பின் அளவு சற்றுக் கூடி வர வேண்டும்.

காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் இப்படிப்பட்ட விண்மீன்களைத் தேடித்தான் என் முனைவர் பட்டத்தின் பாதி இரவுகள் போயின. ஜவ்வாது மலையில் மேகம் கவிந்தால் அன்றைய இரவு அவ்வளவுதான். நீங்கள் வீட்டு மாடியிலிருந்து திசை காட்டுவதாக எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய கரும்பலகை:

முப்பத்தோராண்டு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். காவலூர் இரவுகள் அருமையாக எழுதியிருக்கிறார். ஓர் இடத்தில் மட்டும் ரஸ்ஸலுக்காகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பெண்ணின் நெறியாளரும் ஏறக்குறைய அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ரஸ்ஸல் பொறாமையால் மறுக்கவில்லை. சூரியனின் கோடுகளையும் பூமியின் மேலோட்டையும் விண்கற்களையும் பக்கத்தில் வைத்தால், மிகுந்திருக்கும் உலோகங்கள் ஒத்துப்போயின. பெய்னின் பட்டியலிலும் மற்றத் தனிமங்கள் பூமியுடன் நன்றாகவே பொருந்தின. இடறியவை ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும். எல்லாம் பொருந்தி இரண்டு மட்டும் பொருந்தாவிட்டால், அந்த இரண்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பது இயல்பு. எடிங்டனும் நம்பவில்லை. விண்மீன்களில் ஹைட்ரஜன்தான் மிகுதி என்று பெய்ன் நேரில் சொன்னபோது, "விண்மீன்களுக்குள் அல்ல, விண்மீன்களின் மேற்பரப்பில் என்று சொல்" என்று திருத்தினாராம்.

1928-இல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் உன்சோல்ட் வேறு வழியில் கணக்கிட்டபோதும் ஹைட்ரஜன் ஏராளமாக வந்தது. 1929-இல் ரஸ்ஸலே 56 தனிமங்களுக்குக் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்தார், பெய்னின் எண்களுடன் ஒத்துப்போவதையும் குறிப்பிட்டார். ஆனால் நான்கு ஆண்டுக்கு முன் தானே தடுத்ததைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவர் மீது வருத்தம் உண்டு. வெகுகாலம் அந்தக் கண்டுபிடிப்பு அவர் பெயரில்தான் வழங்கியது. வகுப்பில் நானே அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பெய்ன் நடத்திய பாடங்கள் 1945 வரை ஹார்வர்டின் பாடப்பட்டியலில் அச்சாகவில்லை. பேராசிரியர் பதவி 1956-இல்தான் வந்தது. தொடக்கத்தில் பல ஆண்டுகள் ஷாப்லியின் உதவியாளர் என்ற கணக்கில் சொற்பச் சம்பளம். 1976-இல் அமெரிக்க வானியல் கழகம் அவருக்குத் தன் உயர்ந்த பரிசைக் கொடுத்தது. அதன் பெயர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் பரிசு.

மகளே, உங்கள் நெறியாளரிடம் பெய்ன் கதையைச் சொல்லாதீர்கள். அவரை ரஸ்ஸலாக்குவது போல் ஆகிவிடும், மனம் நோகும். ஹைட்ரஜன் கோட்டின் படத்தை மட்டும் கொண்டுபோங்கள். நான் ஆசிரியராக இருந்தவன், சொல்கிறேன்: வாதத்தோடு வரும் மாணவருக்கு முன்னால் நாங்கள் இறுகிப்போவோம். படத்தோடு வருகிறவருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் தேடுவோம்.

சித்திரை மீன்:

அக்கா, ஐயா, இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. திருச்சி அண்ணன், உங்கள் தம்பிக்கு நேர்ந்தது எனக்கும் நேருமோ என்ற பயம் இருந்தது. அதைச் சொன்னதற்கும் நன்றி.

இருபது கோடிக்கு ஒன்று என்பதை நேற்று இரவு கையால் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

பிறகு சூரியனின் சிவப்பு ஹைட்ரஜன் கோட்டையும் என் விண்மீனுடையதையும் ஒரே படத்தில் வரைந்தேன். நடுப்பகுதி வேறுபடுகிறது, ஆனால் ஓரங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே சரிகின்றன. அதே படத்தில் 8,000 கெல்வின் மாதிரி நிறமாலையையும் மூன்றாவது வண்ணத்தில் சேர்த்தேன். அது ஊதிப்போய்த் தனியாக நிற்கிறது. பக்கத்தில் அதே இரண்டு விண்மீன்களின் இரும்புக் கோடுகள்: சூரியனில் ஆழமான பள்ளங்கள், இதில் பென்சிலால் கீறியது போல்.

இன்று காலை சாரிடம் படத்தை மட்டும் கொடுத்தேன். ஐயா சொன்னது போலவே, முதலில் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார். வெகுநேரம் பார்த்தார். "இந்த மூன்றாவது கோடு எது?" என்று கேட்டார், சொன்னேன். "அப்படியென்றால் நான் கூட்டச் சொன்ன வெப்பநிலை இதைவிடவும் அதிகமாக இருக்குமா?" என்றார். ஆம் என்றேன். அட்டவணை இருக்கட்டும், ஆனால் இந்தப் படம் அதற்கு முந்தைய பக்கத்தில் வர வேண்டும், வெப்பநிலை எப்படி வந்தது என்பதற்குத் தனி இயல் வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாஹா சமன்பாட்டைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் அரை மணி நேரம் பேச முடியுமா என்றும் கேட்டார்.

அக்கா, அயனி இரும்பில் ஏழு கோடுகள் கிடைத்தன. ஐந்து கோடுகள் 210-இல் ஒரு பங்கு என்ற அளவைச் சுற்றி வருகின்றன. நீங்கள் சொன்னபடி இரும்பின் அளவு கூடியிருக்கிறது. மீதி இரண்டு பொருந்தவில்லை, மிக அதிகமாகக் காட்டுகின்றன. அவற்றை விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அட்டவணையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வேறு தனிமத்தின் கோடு ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இன்று இரவு மறுபடி அளக்கப் போகிறேன். அப்படிக் கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?